பின்பக்கம் கொஞ்சம் தூக்கல்

எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் பின்பக்கத்தைக் காட்டியது கிடையாது. போர்க்களத்தைச் சொல்லவில்லை, எங்களை யாரும் போருக்குக் கூப்பிட்டதில்லை. சபை நாகரிகத்தைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் அறையில் உட்கார்ந்திருந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பக்கவாட்டில் நடந்துதான் வெளியே போவார்கள். பார்க்க நண்டு மாதிரி இருக்கிறது என்பாள் என் மனைவி. இருக்கட்டும். மரியாதை தெரிந்த நண்டு.

அப்படிப்பட்ட வீட்டின் வாசலில், ஒரு நாள் சாயங்காலம், எங்கள் கார் எதிர்வீட்டைப் பார்த்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

எதிர்வீட்டில் யாரோ மூன்றாம் மனிதர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அங்கே இருப்பவர் என் சம்பந்தி. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். தெருவைத் தாண்டியதும் புகுந்த வீடு வந்துவிடுகிறதே என்று கல்யாணத்தின்போது எல்லோரும் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். பிறகு மகளும் மாப்பிள்ளையும் வேலை கிடைத்துக் கடல் கடந்து போய்விட்டார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவன், அந்தப் பக்கம் ஒரு கிழவன் என்று நாங்கள் இருவரும் மிஞ்சினோம். இப்போது யாரும் பொறாமைப்படுவதில்லை.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்தவன். ஒரு தட்டு மயிரிழை சாய்ந்தாலும் என் கண்ணுக்குத் தெரியும். சம்பந்தி பஸ் டிப்போவில் பழுதுபார்க்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். ஓடுகிற எதைப் பார்த்தாலும் அதில் என்ன கோளாறு என்று சொல்லாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. என் நடையைப் பற்றியும் ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

காரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் என் மகன். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். பெண் மேல் வந்திருக்க வேண்டிய காதல் தாமதமாக, வழி தவறி, கார் மேல் வந்துவிட்டது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்:

"அப்பா, காரை இறக்கலாம்னு இருக்கேன்."

"எங்கிருந்து? மாடியிலிருந்தா?"

"இல்லப்பா. குட்டையான ஸ்பிரிங் வாங்கியிருக்கேன். நாலு சக்கரத்துக்கும் அதை மாத்திட்டா கார் தரையோட ஒட்டின மாதிரி நிக்கும். பாக்க சும்மா ஜம்முன்னு இருக்கும்."

உயரமாக இருப்பதைப் பணம் கொடுத்துக் குட்டையாக்குவதில் என்ன ஜம்மு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் பெட்ரோல் போடுவது அவன். சரி என்றேன்.

வேலையை எடுத்துச் செய்தவன் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். தெருவில் எல்லோருக்கும் அவன் 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பான். அந்த 'அப்புறம்' காரை ஜாக்கியில் ஏற்றி, பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி, புதியவற்றை மாட்டி, போல்ட்டுகளை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு இறக்கிவிட்டான். முன்பக்கம் சொன்னபடி இறங்கிற்று. பின்பக்கம் இறங்கவில்லை. இரண்டு விரல் உயரத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு நின்றது.

"என்னப்பா இது, பின்னாடி கொஞ்சம் தூக்கலா இருக்கே?" என்றேன்.

"உப்பா ஐயா, தூக்கலா இருக்குறதுக்கு? ஓட ஓட அப்புறம் தானா உக்காந்துரும்," என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் வாசலில் கார் நிற்கும் இடம் குறுகல். மூக்கை வீட்டைப் பார்த்து நுழைத்தால் பின்பக்கம் தெருவைப் பார்க்கும். தெருவுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியின் வாசற்கதவு. அவர் அதைத் திறந்தார். பார்த்தார். உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து எங்கள் கேட்டுக்கு வந்தார்.

"என்ன சம்பந்தி, காருக்கு உடம்பு சரியில்லையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல, ஊசி போட்டுக்குற மாதிரி திரும்பி நிக்குதே. அதுவும் எங்க வீட்டைப் பாத்து."

நான் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் பின்னால் சம்பந்தியம்மா நின்றுகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என் பின்னால் என் மனைவி பொத்தாமலே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக் கார் எங்க வீட்டு வாசல்ல எப்படி வேணா நிக்கும். அதோட பின்பக்கத்தப் பாக்கச் சொல்லி உங்களுக்கு யாரு ஓலை அனுப்புனா?" என்றேன்.

"கதவைத் திறந்தா அதுதானே தெரியுது! காலைல எந்திரிச்சதும் எல்லாரும் யாரோட முகத்துலயாவது முழிப்பாங்க. நான் இதுல முழிக்கணுமா?"

"பிடிக்கலேன்னா பின்வாசல் வழியா போய்ட்டு வாங்க."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "இனிமே இந்தக் கார்ல நான் காலை வைக்க மாட்டேன். நான் மானமுள்ளவன்."

சொல்லிவிட்டுத் திரும்பி, அவருடைய பின்பக்கத்தை எனக்குக் காட்டிக்கொண்டே போனார். மானம் எங்கள் வீட்டுச் சொத்து என்று நான் நினைத்திருந்தேன். அதை இன்னொருவர் எடுத்துப் பேசியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. அவர்கள் இருவரும் வழக்கம்போலத் தெருவின் நடுவில் நின்று காய்கறி விலையிலிருந்து எங்கள் இருவருடைய மலச்சிக்கல் வரை பேசிக்கொண்டார்கள். ஆகவே செய்தி கடல் கடந்து போக அதிக நேரம் ஆகவில்லை. மகள் போன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை காலைல நாங்க வந்து எறங்குறோம். ஞாபகம் இருக்கில்ல?"

"அதெப்படிம்மா மறக்கும்?"

"நீங்களும் மாமாவும் ஒரே கார்ல வந்து எங்களைக் கூட்டிட்டுப் போகணும். ஆளுக்கொரு வண்டியில வந்து ஆளுக்கொரு மூலையில நின்னீங்கன்னா, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நேரா ஹோட்டலுக்குப் போயிருவோம். ரூம் போட்டாச்சு. இவரும் சரின்னு சொல்லிட்டாரு."

"என்னம்மா இது, எங்களுக்குள்ள என்ன ஆச்சுன்னு..."

"ஊசி போடுற கதை வந்தாச்சு அப்பா. போன தடவை மூக்குக்காக ஆறு மாசம் பேசாம இருந்தீங்க. இப்ப காரோட பின்னாடிக்காகவா? பாப்பா வளர்றதுக்குள்ள உடம்புல ஒரு பாகம் விடமாட்டீங்க போல."

மூக்குச் சண்டை உண்மைதான். பேத்தி பிறந்ததும் அவள் மூக்கு எங்கள் வழி என்று நான் சொன்னேன். தங்கள் வழி என்று அவர் சொன்னார். அந்த மூக்கை நாங்கள் இருவருமே போன் திரையில்தான் பார்த்திருந்தோம். தொட்டுப் பார்த்ததில்லை. என் மகள் சொன்னால் செய்வாள். பிடிவாதத்தில் அவள் எங்கள் வழிதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி என் காரில் ஏறவில்லை என்றால் பேத்தி எங்கள் இரண்டு வீட்டுக்கும் வராமல் ஏதோ ஒரு ஹோட்டலின் துவைத்த வாசனையடிக்கும் படுக்கையில் தூங்குவாள்.

"எதிர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி.

"என்னன்னு?"

"தப்பா நெனைக்காதீங்கன்னு."

"காரோட பின்பக்கத்துக்காக ஒருத்தன் மன்னிப்புக் கேக்குறதா? எங்க பரம்பரையில..."

"உங்க பரம்பரையில கார் இருந்ததா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மகன் ஒரு யோசனை சொன்னான். "திருப்பி நிறுத்திடலாம்பா. பின்பக்கம் நம்ம வீட்டைப் பாக்கட்டும், மூக்கு தெருவைப் பாக்கட்டும்." எளிமையாகத்தான் இருந்தது. அவன் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினான். நான் வெளியே வந்து பார்த்தேன்.

முன்பக்கம் தாழ்ந்திருக்கிறதல்லவா? இப்போது எங்கள் கார் சம்பந்தி வீட்டு வாசலைப் பார்த்துத் தலை குனிந்து நின்றது. வணங்கி நின்றது என்றே சொல்லலாம். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க்கதவு திறந்தது. சம்பந்தி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார். வலது கையை மெல்ல உயர்த்தினார்.

"நல்லா இரு. நல்லா இரு," என்று காரை ஆசீர்வதித்தார்.

"திருப்புடா!" என்று கத்தினேன்.

இப்படி நிறுத்தினால் அவமரியாதை, அப்படி நிறுத்தினால் தலைகுனிவு. மூன்றாவது வழி ஒன்றுதான்: காரின் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். 'அப்புற'த்தை ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. நானே போய் அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தேன்.

அவன் படுத்துப் பார்த்துவிட்டு விளக்கினான். பின் ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கு அடியில் மரை வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருகி மேலே ஏற்றினால் கார் உயரும். கீழே இறக்கினால் கார் தாழும். "இவ்வளவுதான் ஐயா. திருகுனா முடிஞ்சது."

திருகினான். கார் அசையவில்லை. இன்னும் திருகினான். ஒரு நூல் இறங்கினாற்போல் இருந்தது. அல்லது என் ஆசை அப்படிக் காட்டிற்று. கடைசி மரை வரைக்கும் திருகினான். வளையம் அடியில் போய் முட்டிக்கொண்டது. கார் மட்டும் பழைய கம்பீரத்தோடு தூக்கிக்கொண்டே நின்றது.

"பாரம் வச்சுப் பாப்போம்," என்றான். டிக்கியில் இரண்டு மண் மூட்டைகளை வைத்தோம். கார் இறங்கிற்று. எடுத்தோம். எழுந்துகொண்டது. மறுபடி வைத்தோம். இறங்கிற்று. எடுத்தோம். எழுந்தது. உடற்பயிற்சி செய்வது போலிருந்தது.

"மூட்டையோடவே ஏர்போர்ட்டுக்குப் போங்க. பெட்டியெல்லாம் மடியில வச்சுக்கலாம்," என்றாள் என் மனைவி ஜன்னலிலிருந்து.

"ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டிட்டா அப்புறம் கண்டிப்பா..." என்று ஆரம்பித்தான் மெக்கானிக்.

"எங்க வீட்டுல எதையும் வெட்டிக் குட்டையாக்குறது கிடையாது," என்றேன்.

இவ்வளவும் நடக்கும்போது எதிர்வீட்டு வாசலில் சம்பந்தி ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ஒரே தொட்டிக்கு நாலாவது வாளி அது. செடி மூழ்கி, தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஒன்று கோளாறாகக் கண்ணெதிரே நிற்கிறது. அவரோ வாயைத் திறக்க முடியாத பகையில் இருக்கிறார். அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறது.

கடைசியில் அவரால் முடியவில்லை. ரோஜாச் செடியைப் பார்த்து, தெருவே கேட்கும்படி பேசினார்:

"ஏ ரோஜா, உனக்கு ஒரு சேதி தெரியுமா? சில பேருக்கு வண்டியத் தூக்கத் தெரியும். சக்கரத்தத் தொங்கவிடத் தெரியும். தொங்கும்போதே கீழ் போல்ட்டை எல்லாம் முடுக்கிப்புட்டு, அப்புறம் உக்காரலையே உக்காரலையேன்னு வளையத்தப் பிடிச்சுத் திருகுவாங்க. உள்ள இருக்குற ரப்பர் என்ன பண்ணும்? முறுக்கிக்கிட்டு முட்டுக் குடுத்து நிக்கும்."

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் தலை மட்டும் வெளியே வந்தது. "ஐயா, அவரு என்னையவா சொல்றாரு?"

"ரோஜாவைச் சொல்றாரு."

"ரோஜாவுக்கு ஏதுங்க ரப்பர்?"

யோசித்தேன். சம்பந்தி சொன்னதில் விஷயம் இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் மேலும் கீழும் அசைகிற முனையில் ரப்பர் இருக்கிறது. கை தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அதையே தன் இயல்பான நிலை என்று பிடித்துக்கொள்ளும். காரை இறக்கினதும் கை மேலே போகப் பார்க்கும். ரப்பர் முறுக்கிக்கொண்டு எதிர்த்துத் தள்ளும். நிற்கும்போது இடுப்பு வாரைக் கடைசித் துளை வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டு, அதன் பிறகு தரையில் சம்மணம் போட முயல்பவனைப் போல.

சொன்னது சரி. ஆனால் சொன்னவர் சம்பந்தி. நேரே கேட்டால் நான் பேசியதாகிவிடும். எங்கள் கேட்டில் ஒரு தகரத் தபால்பெட்டி தொங்குகிறது. அதைப் பார்த்துச் சொன்னேன்:

"ஏ தபால்பெட்டி, கேக்காமலே யோசனை சொல்றவங்க அதை முழுசாச் சொல்லித் தொலைச்சா என்னவாம்? முடுக்குனதை இப்ப என்ன பண்ணணுமாம்?"

பிறகு ரோஜாவுக்குப் பதில் கிடைத்தது.

"பின் சக்கரம் ரெண்டுக்கும் அடியில தடிப் பலகை குடுத்து, வண்டியோட மொத்தப் பாரத்தையும் சக்கரத்து மேலேயே நிக்க வைக்கணும், ரோஜா. அப்படியே நின்னபடி போல்ட்டையெல்லாம் தளர்த்தணும். வண்டி எங்க உக்காருதோ அங்க உக்காரட்டும். நாலு தடவை குலுக்கிவிட்டு, அதுக்கப்புறம் முடுக்கணும். அப்புறம்! காதுல விழுந்துச்சா? அப்புறம்! உன்கிட்ட சொல்லி என்ன, நீ பூக்குற வழியப் பாரு."

மெக்கானிக்கின் முகம் சுருங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் அப்புறம் அப்புறம் என்று தள்ளிப்போட்டவன், அப்புறம் செய்ய வேண்டிய ஒரே வேலையை முன்னாலேயே செய்து முடித்திருக்கிறான்.

பலகை வந்தது. காரைப் பின்னால் நகர்த்திப் பலகை மேல் ஏற்றி, முன் சக்கரங்களுக்குக் கல்லை அண்டக் கொடுத்தான். அடியில் படுத்துக்கொண்டு முதல் போல்ட்டைத் தளர்த்தினான். கார் 'ம்ம்' என்றது. இரண்டாவதைத் தளர்த்தினான். நாற்காலியில் வந்து விழும் பருத்த ஆள் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு. எல்லாவற்றையும் தளர்த்தி முடித்ததும் அவனை வெளியே வரச் சொல்லிவிட்டு, நானும் மகனும் டிக்கியில் கைவைத்துக் குலுக்கினோம். கார் இறங்கிற்று. இறங்கிக்கொண்டே போயிற்று.

ஏனென்றால் அந்த வளையத்தை அவன் கடைசி மரை வரை இறக்கி வைத்திருந்தான் அல்லவா? முட்டுக் கொடுத்த ரப்பர் விலகியதும், அதுவரை வேலை செய்யாமல் இருந்த அத்தனை திருகலும் ஒன்றாக வேலை செய்துவிட்டது. போல்ட்டுகளை முடுக்கி, பலகையை எடுத்துவிட்டுப் பார்த்தால், பின்பக்கம் முன்பக்கத்தை விடத் தாழ்ந்து, கார் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அப்பா, ரொம்ப உக்காந்துருச்சு. வளையத்தை ஏத்தினா சரியாயிரும்," என்றான் மகன்.

நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பின்பக்கம் அடக்கமாக இருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. ஒரு குடும்பத்துக் கார் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றது.

"யாரும் தொடக் கூடாது. இப்படியே இருக்கட்டும்," என்றேன்.

"வளையத்த ஏத்தாம விட்டா," என்று ரோஜாவிடம் ஒரு குரல் சொன்னது, "நாளைக்குக் கதவைத் திறந்து ஏறும்போது தெரியும், யாரு தலை நிமிருது, யாரு தலை குனியுதுன்னு."

அதை நான் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். தபால்பெட்டியின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டேன். "தபால்பெட்டி, எங்க வீட்டுல எதோட பின்பக்கமும் இப்ப யாரையும் பாத்துத் தூக்கிக்கிட்டு இல்ல. காலைல எட்டு மணிக்குக் கார் கிளம்பும். வரவேண்டியவங்க வந்தா இடம் இருக்கு."

எதிரே வாளி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"ரோஜா, நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நான் இருக்க மாட்டேன். நீயா தண்ணி குடிச்சுக்க."

மறுநாள் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட மடிப்பு. நானும் அப்படித்தான். முன் இருக்கையில் யார் உட்காருவது என்று ஒரு கேள்வி எழுந்திருக்கும். அதை எழவிடாமல் இருவரும் நேரே பின்கதவுகளுக்குப் போனோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கதவைத் திறந்தேன்.

அப்போதுதான் ரோஜாவிடம் சொல்லப்பட்டது எனக்குப் புரிந்தது. கூரை என் மார்பு மட்டத்துக்கு வந்திருந்தது. இருக்கை எங்கோ பாதாளத்தில் கிடந்தது. முன்பெல்லாம் நாற்காலியில் உட்காருவது போல இந்தக் காரில் ஏறிவிடுவேன். என் முதுகு வளைகிற முதுகு அல்ல. எலும்பு டாக்டரும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது உள்ளே போவதற்கு ஒரே வழி, தலையை நன்றாகத் தாழ்த்தி, இடுப்பை மடித்து, கும்பிடு போடுகிற மாதிரி நுழைவதுதான். நுழைந்தால், எதிர்க்கதவில் நிற்பவர் சம்பந்தி.

கூரைக்கு மேலே பார்த்தேன். அவரும் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். அவர் முழங்காலும் டிப்போவிலேயே தேய்ந்துபோனது. அவரும் கணக்குப் போட்டு முடித்துவிட்டார் என்று தெரிந்தது. முதலில் குனிபவன் மற்றவனுக்குக் குனிந்தவனாவான்.

நின்றோம்.

"அப்பா, பிளைட் எறங்கிருச்சு," என்றான் ஓட்டுநர் இருக்கையில் இருந்த மகன்.

நின்றோம்.

கேட்டுக்கு அருகில் பெண்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். "ரெண்டு கொடிமரம் மாதிரி நிக்கிறாங்க பாருங்க," என்றார் சம்பந்தியம்மா. "குழந்தை ஹோட்டல்ல குடுக்குறதத் தின்னுட்டு இருக்கட்டும்," என்றாள் என் மனைவி. 'குழந்தை' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. எனக்கு விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்க வேண்டும்.

சட்டென்று குனிந்தேன். அதே நொடியில் அவரும் குனிந்தார். காரின் நடுவில் எங்கள் இருவருடைய மண்டைகளும் தேங்காய் மாதிரி மோதிக்கொண்டன.

"பாத்து வரக் கூடாதா?" என்றார் அவர்.

"நீங்க பாத்தீங்களா?" என்றேன் நான்.

நேருக்கு நேர் பேசிவிட்டோம் என்று இருவருக்கும் உறைத்தது. வாயை மூடிக்கொண்டோம். ஆனால் பேசியது பேசியதுதான். வெளியே, "ஒருத்தரை ஒருத்தர் கும்பிட்டுக்கிட்டாங்க!" என்று சம்பந்தியம்மா சொல்வது கேட்டது. மகன் யாரும் மனம் மாறுவதற்குள் வண்டியை எடுத்தான்.

தெருமுனை வேகத்தடையில் கார் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறியபோது சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. அது அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய தியாகமாக இருக்கும்.

ஏர்போர்ட்டில் மகன் காரை நிறுத்திவிட்டு, "நீங்க மெதுவா வாங்க, நான் முன்னாடி போய்ப் பாக்குறேன்," என்று ஓடினான். மெதுவாக வருவதற்கும் முதலில் இறங்க வேண்டுமே. ஏறும்போது உதவிய பூமியின் இழுப்பு இறங்கும்போது எதிரியாகிவிட்டது. முழங்கால்கள் இரண்டும் மோவாய்க்கு அருகில் இருந்தன. கதவின் விளிம்பைப் பிடித்து எம்பினேன். பாதி வழி போய்த் திரும்ப விழுந்தேன். சம்பந்தி அந்தப் பக்கம் எம்பினார். அவரும் விழுந்தார். இரண்டு முறை இருவரும் மாறி மாறி விழுந்தபோது கார் ஆடியதைப் பார்த்து ஒரு காவலர் அருகில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சம்பந்தி," என்றார் அவர், முன்னால் இருந்த இருக்கையின் முதுகைப் பார்த்தபடி. அங்கே ரோஜாவும் இல்லை, தபால்பெட்டியும் இல்லை. "ஒரே வழிதான் இருக்கு. நீங்க எம்பும்போது நான் பின்னாடி இருந்து தள்ளுறேன். நீங்க எறங்கி, சுத்தி வந்து, என்னை இழுங்க."

"பின்னாடின்னா?"

"பின்னாடின்னா பின்னாடிதான். வேற எதைத் தள்ள?"

கண்ணாடிக்கு வெளியே, தூரத்தில், வருகிறவர்களின் கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் கதவுப் பக்கம் திரும்பினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் காட்டாததை, அதிகபட்சம் ஒரு முழத் தூரத்தில், சம்பந்தியின் முகத்துக்கு நேரே காட்டினேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, பழுதான பஸ்ஸைத் தள்ளிய அனுபவத்தோடு, ஒரே மூச்சில் தள்ளினார். நான் நிமிர்ந்தபோது வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

சுற்றி வந்து அவருடைய கைகள் இரண்டையும் பிடித்து இழுத்தேன். அவர் எழுந்து, தள்ளாடி, விழாமலிருக்க என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் மூச்சு வாங்கிற்று.

"அப்பா!"

மகள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, தோளில் குழந்தை. மகளின் பார்வை எங்கள் கோத்த கைகளில் இருந்தது. கண் கலங்கியிருந்தது. கையை விடலாமா என்று சம்பந்தி என்னைக் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று நான் கண்ணால் சொன்னேன்.

"ஹோட்டல் ரூமை கேன்சல் பண்ணிருங்க," என்றாள் அவள் மாப்பிள்ளையிடம்.

பேத்தியை முதலில் யார் வாங்குவது என்று ஒரு சிறிய இழுபறி நடந்தது. கைகள் கோத்திருந்ததால் இருவருமே வாங்க முடியவில்லை. அதற்குள் அவளே சாய்ந்து என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். பிறகு அவர் மூக்கை. அருகில் பார்த்தபோது அவள் மூக்கு எங்கள் இருவர் வழியும் இல்லை. ஒரு பொத்தான் மாதிரி, யாருடையதோ. அதைப் பற்றி நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை.

திரும்பி வரும்போது பெட்டிகளை வாடகைக் காரில் அனுப்பிவிட்டோம். அப்படியும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் சம்பந்தியும் நானும் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தள்ளுவதும் இழுப்பதும்தான். மகள் நாங்கள் காலாற நடக்க ஆசைப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் 'அப்புறம்' வந்தான், அப்புறம் என்று சொல்லாமலே வந்தான். வளையத்தை ஏற்றினான். சம்பந்தி எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் போல்ட்டை முடுக்கினானா என்று குனிந்து குனிந்து பார்த்தார். நான் என் மட்டப்பலகையை வைத்துச் சோதித்தேன். இப்போது கார் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில், யாரையும் வணங்காமலும் யாரையும் அவமதிக்காமலும் நிற்கிறது.

காரில் அன்று முதலில் குனிந்தது யார் என்பதில் மட்டும் இன்னும் முடிவு ஏற்படவில்லை. அவர் ரோஜாவிடம் ஒன்று சொல்கிறார். நான் தபால்பெட்டியிடம் வேறொன்று சொல்கிறேன். ஆனால் ஏர்போர்ட்டில் எந்த இடத்தில் கைவைத்து என்னைத் தள்ளினார் என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. தன் வீட்டு அம்மாளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் செய்தி வந்திருக்கும். ரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஒன்றுக்காக அவரை மானமுள்ளவர் என்று ஒப்புக்கொள்கிறேன்.